தொண்டு நிறுவனங்களின் மீது புகார்: விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு, எதுவரை?

கேள்வி (குடியாத்தம்): எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று முதியோர் இல்லத்துக்கென வீடு வீடாக நன்கொடை திரட்டுகிறது, கணக்குக் கேட்டால் பதில் இல்லை. லோக்பாலுக்கு எழுதலாமா?

பதில்: ஊர்மக்கள் தந்த நன்கொடை மட்டும் என்றால், தேசிய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலுக்கு எழுதிப் பயனில்லை. 2013ஆம் ஆண்டு லோக்பால், லோகாயுக்தா சட்டத்தின்படி, அரசு நிதி பெற்று, அறிவிக்கப்பட்ட வரம்புக்கு மேல் ஆண்டு வருமானம் உள்ள அமைப்புகளின் நிர்வாகிகளும், ஓராண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் நிர்வாகிகளுமே லோக்பாலின் வரம்புக்குள் வருவர். அப்போதும் புகார் ஊழல் தடுப்புச் சட்டக் குற்றம் பற்றியதாக இருக்க வேண்டும். இல்லத்தில் சோறு சரியில்லை என்பது அங்கே எடுபடாது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கேள்வி (ஆம்பூர்): முறைகேடு நடந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

பதில்: லோக்பாலில் ஏழு ஆண்டுகளே கெடு.

கேள்வி (காட்பாடி): மாநகராட்சிக் கட்டடத்தில் தங்குமிடம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் மீது உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாமா?

பதில்: நடுவம் விசாரிப்பது உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் ஊழியர்களையும்தான். நிறுவனத்தின் உள்கணக்கை விட்டுவிட்டு, அந்தக் கட்டடத்தை ஒப்படைத்ததில் மாநகராட்சியில் நடந்த முறைகேட்டைச் சொன்னால் மனு நிற்கும்.

கேள்வி (சத்துவாச்சாரி): 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று பதிவு அலுவலகம் ஒன்றில் என் மனுவைத் திருப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: முதலில் நன்கொடை ரசீதின் தலைப்பைப் பாருங்கள். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'டிரஸ்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 'புத்தகம் 4' (அங்குள்ள பதிவேடுகளில் ஒன்று) என்ற குறிப்புடன் ஆவண எண் இருந்தால் அது அறக்கட்டளை. பத்திரத்தைப் பதிந்ததோடு பதிவுத் துறையின் வேலை முடிந்தது. அது பொது அறக்கட்டளையாயின், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி வழக்குத் தொடரலாம்.

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாக இருந்தால் கதை வேறு. 36ஆம் பிரிவின்படி மாவட்டப் பதிவாளர் தாமாகவோ, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ விண்ணப்பித்தாலோ, மாவட்ட ஆட்சியர் கோரினாலோ விசாரிக்கலாம். அறுபது பேர் உள்ள சங்கத்தில் இருபது கையெழுத்து வேண்டும் என்பதே பலருக்கும் முட்டுக்கட்டை. அந்த எண்ணிக்கை சேராதவர்கள், திங்கள்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவிலேயே 36ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். நான் பார்த்த ஒரு மனுவில் பதினோரு அலுவலகங்களுக்கு நகல் போட்டிருந்தார்கள். பிரிவு எண் மட்டும் எங்கும் இல்லை.

கேள்வி (பேரணாம்பட்டு): எங்கள் சங்கத்தில் இரண்டு தரப்பும் 'நாங்களே நிர்வாகிகள்' என்கின்றன. பதிவாளர் தீர்ப்பளிப்பாரா?

பதில்: மாட்டார். எந்தத் தேர்தல் செல்லும் என்பதை முடிவுசெய்ய வேண்டியது உரிமையியல் நீதிமன்றம்.