எட்டு நாற்காலி, 360 கார்டு: சொந்த டிராஃப்ட் அமைப்போருக்குப் பதில்கள்

கேள்வி: மேஜிக் (Magic: The Gathering) கார்டுகள் இரண்டு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. புதிதாக பூஸ்டர் பேக் வாங்காமல் இவற்றை வைத்தே நண்பர்களோடு டிராஃப்ட் ஆடலாம் என்கிறார்கள். எத்தனை கார்டு வேண்டும்? எப்படிப் பிரிப்பது?

தாராளமாக ஆடலாம். சுற்றிவரும் பேக்குகளிலிருந்து ஒவ்வொரு கார்டாகத் தேர்ந்தெடுத்து, சேர்ந்தவற்றை வைத்து டெக் (ஆடுவதற்கான கட்டு) கட்டி மோதுவதுதான் டிராஃப்ட். திரும்பத் திரும்ப டிராஃப்ட் ஆடுவதற்கென்றே நாமே பொறுக்கிச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு கியூப் என்று பெயர். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், மேசையில் எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்று பாருங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வரும்.

முழு மேசை என்றால் எட்டுப் பேர். ஒவ்வொருவர் முன்னாலும் 15 கார்டு கொண்ட மூன்று பேக். முதல் பேக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டாவது பேக் வலப்பக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். கடைசியில் ஆளுக்கு 45 கார்டு சேரும். எட்டு நாற்பத்தைந்து 360. குறைந்தபட்ச கியூப் இதுதான்.

ஒவ்வொரு கார்டும் ஒரே ஒரு பிரதி என்று வைத்து, இப்படித் தொடங்கலாம்: மேஜிக்கின் ஐந்து நிறத்துக்கும் 50 வீதம் 250, இருநிறக் கார்டுகள், பத்து ஜோடிக்கும் மூன்று வீதம் 30, நிறமற்றவை 40, இரண்டு நிற மானா (கார்டு போடச் செலவிடும் சக்தி) தரும் லேண்டுகள், ஜோடிக்கு நான்கு வீதம் 40. மொத்தம் 360. ஒரு நிற மானா மட்டும் தரும் சாதாரண லேண்டுகள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை வகைக்கு 40 வீதம் தனிப்பெட்டியில் வையுங்கள். ஒரே நிறத்தை ஐந்து பேர் பிடித்துக்கொண்டாலும் ஆளுக்கு எட்டு கிடைக்கும்.

540 கார்டாக வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்கு ஆட்டம் முகம் மாறும் என்பது உண்மை. ஆனால் எட்டுப் பேர் ஆடும்போது அதில் 360தான் மேசைக்கு வரும். ஒரு குறிப்பிட்ட கார்டு வர வாய்ப்பு மூன்றில் இரண்டு. இரண்டு கார்டு சேர்ந்தால்தான் வேலை செய்யும் ஒரு கூட்டணியில் இரண்டுமே மேசைக்கு வர வாய்ப்பு 44 விழுக்காடுதான். அப்படி வந்தாலும் ஒரே ஆள் கையில் சேர வேண்டுமே! தொடங்கும்போது 360 போதும். எந்த கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அப்போதுதான் சீக்கிரம் தெரியும்.

கேள்வி: எங்கள் கியூபில் பத்து நிற ஜோடிக்கும் ஜோடிக்கொரு உத்தி வகுத்து, அதற்கேற்ற கார்டுகளைத் தேடித் தேடிப் போட்டோம். ஆனால் டெக் கட்டும்போது எல்லோருக்கும் 17, 18 உருப்படியான கார்டுதான் தேறுகிறது. மீதிக்கு எதையோ போட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. எங்கே பிசகு?

கியூப் அமைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். காரணம் முழுக்க முழுக்க எண்ணிக்கையில் இருக்கிறது.

40 கார்டு டெக்கில் 17 லேண்ட் போனால் 23 கார்டு வேண்டும். அதில் நிறமற்றவை, இருநிறக் கார்டுகள் என்று மூன்றைக் கழித்தால், பிடித்த இரண்டு நிறத்திலும் பத்துப் பத்து தேவை. எட்டுப் பேரும் இரண்டு நிறம் பிடிக்கிறார்கள் என்றால் மொத்தம் 16 இடம். ஐந்து நிறத்துக்குப் பங்கிட்டால் நிறத்துக்கு 3.2 பேர். அப்படியானால் ஒவ்வொரு நிறத்திலும் சுமார் 32 கார்டாவது டெக்கில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். உங்களிடம் இருப்பது 50. பார்க்க நிறைய மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும்.

இப்போது உங்கள் உத்திகளைக் கணக்கில் சேருங்கள். ஒரு நிறம் நான்கு ஜோடிகளில் வரும். ஜோடிக்கு ஐந்து கார்டை அந்த உத்திக்கு மட்டுமே பயன்படும்படி போட்டிருந்தால், 50இல் 20 போயிற்று. மிச்சம் 30. தேவையோ 32. அதோடு பத்து உத்திக்கு எட்டுப் பேர்தான் இருக்கிறீர்கள் என்பதால், இரண்டையாவது யாருமே தொடமாட்டார்கள். அவற்றுக்கான கார்டுகள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பதினான்காவது, பதினைந்தாவது கார்டாக யார் கையிலாவது விழும். பற்றாக்குறை அங்கேதான் பிறக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். எல்லா கார்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை மனமுவந்து டெக்கில் போடக்கூடிய உத்திகள் எவை என்று குறியுங்கள். ‘வேறு வழியில்லாமல் போடலாம்’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று மணமகன் வீட்டார் கேட்டு வரும் பெண்ணுக்குத் திருமணம் தாமதமாகாது என்பார்களே, கார்டுக்கும் அதே கதைதான்: கேட்க ஆள் இருக்க வேண்டும்.

லைட்னிங் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மானாவுக்கு மூன்று டேமேஜ். சிவப்பு பிடித்த எல்லோருக்கும் வேண்டும். யங் பைரோமேன்சர் இரண்டு மானா. இன்ஸ்டன்ட், சார்சரி என்ற மந்திர வகைகளில் ஒன்றைப் போடும்போதெல்லாம் ஒரு 1/1 டோக்கன், அதாவது தாக்குதிறன் ஒன்றும் தாங்குதிறன் ஒன்றும் உள்ள குட்டி கிரியேச்சர் (களத்தில் இறங்கிச் சண்டையிடும் ஆள்) தரும். மந்திர டெக், டோக்கன் டெக், கிரியேச்சரைப் பலிகொடுக்கும் டெக் மூன்றுமே அதைக் கேட்கும். ஃபெய்த்லெஸ் லூட்டிங், மந்திர டெக்குக்கும் கல்லறையிலிருந்து பெரிய கிரியேச்சரை எழுப்பும் டெக்குக்கும் பொது. மறுமுனையில் டென்ட்ரில்ஸ் ஆஃப் அகனி. ஒரே டர்னில் பத்து மந்திரம் போடும் ஸ்டார்ம் டெக்கைத் தவிர யாருக்கும் அது பயனில்லை. அந்த டெக்கை ஆதரிக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு கார்டு ஒதுக்க வேண்டும். அவையும் மற்றவர்களுக்கு வேண்டாதவை.

ஒரே ஒரு குறி மட்டும் விழுந்த கார்டுகள் நிறத்துக்கு 8ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தியின் பலனைத் தரும் கார்டு, அதாவது ‘இந்த வழியில் வா’ என்று கைகாட்டும் கார்டு, உத்திக்கு மூன்று நான்கு போதும். அதற்குத் தீனி போடும் கார்டுகள்தான் நிறைய வேண்டும்; அவை பக்கத்து உத்திக்கும் பயன்படுகிறவையாக இருக்க வேண்டும். பத்து ஜோடிக்கும் பத்து உத்தி என்பது கட்டாயமே இல்லை. இரண்டு மூன்று நிறங்களில் படர்ந்து கிடக்கும் ஐந்தாறு உத்திகள் இருந்தால், டிராஃப்டின் நடுவில் ஒருவர் நிறம் மாற்றினாலும் முன்பு எடுத்தவற்றில் பாதியாவது கைகொடுக்கும்.

கேள்வி: சின்ன கிரியேச்சர்களை வைத்து வேகமாக அடிக்கும் டெக் எங்கள் மேசையில் ஜெயிப்பதே இல்லை. பெரிய கார்டுகளைச் சேர்ப்பவர்தான் எப்போதும் வெல்கிறார். அடிக்கும் கார்டுகள் போடாமலும் இல்லை.

ஒரு மானா கிரியேச்சர்களை எண்ணிப் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான். 40 கார்டு டெக்கில் அவை மூன்று இருந்தால், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர வாய்ப்பு 45 விழுக்காடு. ஆறு இருந்தால் 71. முதல் டர்னில் ஆள் இறங்காத வேக டெக், வேக டெக்கே அல்ல.

ஒருவருக்கு ஆறு கிடைக்க வேண்டும், அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள், சில கார்டுகள் வேறு ஆள் கையில் போய் மாட்டும். அதனால் வெள்ளையில் 8, சிவப்பில் 8, கருப்பில் 5 என்ற அளவில் ஒரு மானா கிரியேச்சர்கள் வேண்டும். தாக்குதிறன் இரண்டாக இருப்பது நல்லது. 1/1 ஆளை இறக்கிவிட்டு எதிராளியின் 20 உயிரைக் கரைப்பதற்குள் அவர் ஆறு லேண்ட் போட்டுவிடுவார். கிரியேச்சர்களை ஏற்றிவிட்ட பிறகு மறுபக்கமும் பாருங்கள். இரண்டு மானாவில் கிடைக்கும், மானா தரும் ஆர்ட்டிஃபாக்ட்கள் (எந்த நிறத்தாரும் போடக்கூடிய கருவிகள்) நிறைய இருந்தால், எல்லா நிறத்தாரும் மூன்றாவது டர்னிலேயே நான்கு மானாவுக்குத் தாவிவிடுகிறார்கள். அவற்றை ஐந்தாறுக்குள் நிறுத்துங்கள். களத்தையே துடைத்தெடுக்கும் கார்டுகள் வெள்ளையில் மூன்று, கருப்பில் இரண்டு போதும். போகிற போக்கில் நான்கு உயிர் கூட்டித் தரும் கிரியேச்சர்களையும் ஒரு கண் பாருங்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஒவ்வொன்றும் வேக டெக்கின் ஒரு முழு டர்னை விழுங்கிவிடும்.

கேள்வி: எட்டுப் பேர் சேர்வது அபூர்வம். நான்கு பேர், சமயத்தில் இரண்டே பேர். அதே கியூபை வைத்து ஆட முடியுமா?

நான்கு பேருக்கு 15 கார்டு பேக் ஒத்துவராது. ஒரே பேக் நான்காவது முறையாகக் கைக்கு வரும்போது அதில் இருக்கும் மூன்று கார்டும் மனப்பாடமாகி, அடுத்தவர் எடுத்ததெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். 9 கார்டு வீதம் ஐந்து பேக்காகப் பிரியுங்கள். ஆளுக்கு அதே 45, மொத்தம் 180 கார்டு. இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டுமென்றால் 11 கார்டு பேக் வைத்து, கடைசி இரண்டை எடுக்காமல் ஒதுக்கிவிடலாம். அப்போது 220 கார்டு வேண்டும். எந்த வழியானாலும் 360இல் பாதியோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் மேசைக்கு வரும் என்பதை மறக்காதீர்கள். மூன்று குறிப்பிட்ட கார்டை நம்பி நிற்கும் உத்தி நால்வர் ஆட்டத்தில் எடுபடாது.

இருவருக்கு வின்ஸ்டன் டிராஃப்ட் அருமையானது. மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வகுத்த முறை அது. 90 கார்டைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். அதிலிருந்து மூன்று கார்டை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு குவியலாகக் கவிழ்த்துப் போடுங்கள். உங்கள் முறை வரும்போது முதல் குவியலைப் பார்க்கலாம். பிடித்தால் குவியல் முழுவதும் உங்களுக்கு. அந்த இடத்தில் புதிதாக ஒரு கார்டு வைக்க வேண்டும். வேண்டாமென்றால் அதன்மேல் ஒரு கார்டு கூட்டிவிட்டு இரண்டாவதைப் பார்க்கலாம், பிறகு மூன்றாவதை. மூன்றையும் வேண்டாமென்றால் கட்டின் மேல் கார்டைப் பார்க்காமலே எடுத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் குவியலை எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

எல்லாம் திறந்தே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு கிரிட் முறை: 9 கார்டை மூன்றுக்கு மூன்றாக விரித்து, முதலில் ஒருவர் ஒரு வரிசையையோ நெடுக்கையோ எடுக்க, மற்றவர் மிச்சத்தில் ஒன்றை எடுப்பார். மீந்ததை ஒதுக்கிவிட்டு அடுத்த 9. பதினெட்டு முறை, 162 கார்டு. யார் முதலில் எடுப்பது என்பது மாறி மாறி வர வேண்டும்.

கேள்வி: போகிமான், யூகிஓ கார்டுகளுக்கும் இதே 360 கணக்கு பொருந்துமா?

எண்ணிக்கை பொருந்தும். சிக்கல் வேறு இடத்தில் வரும்.

போகிமானில் பரிணாமம்தான் தொல்லை. சாரிசார்ட் கையில் வந்தாலும் அதன் முதல் நிலையான சார்மாண்டர் அடுத்தவரிடம் போய்விட்டால் அது வெறும் காகிதம். ஆகவே ஒரு பரிணாம வரிசையை ஒரே தேர்வாக ஆக்குங்கள்: பேக்கில் சாரிசார்ட் மட்டும் இருக்கட்டும். அதை எடுத்தவருக்கு டிராஃப்ட் முடிந்ததும் சார்மாண்டர் இரண்டு, சார்மீலியன் ஒன்று என்று தனிப்பெட்டியிலிருந்து கொடுத்துவிடலாம். இப்படிக் கூடுதல் கார்டு கிடைப்பதால் ஆளுக்கு 30 தேர்வே போதும். டெக்கை 60 என்பதிலிருந்து 40 ஆகவும், பரிசுக் கார்டை (எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது எடுப்பது) ஆறிலிருந்து நான்காகவும் குறைத்து ஆடுங்கள். எனர்ஜி கார்டுகள் மேஜிக்கின் சாதாரண லேண்ட் மாதிரி வெளியிலிருந்து வரட்டும்.

யூகிஓவில் நேர் எதிர்ச் சிக்கல். நிறமும் இல்லை, மானாவும் இல்லை; எந்த கார்டும் எந்த டெக்கிலும் போகும். எனவே எட்டுப் பேரும் பலமானதையே வரிசையாக எடுத்து, எட்டும் ஒரே மாதிரி டெக்காக முடியும். மான்ஸ்டரின் வகை, அட்ரிபியூட் (இருள், ஒளி போன்ற தன்மை), லெவல் ஆகியவற்றை வைத்து நாமே வேலி போட வேண்டும்: போர்வீரர்களுக்கு மட்டும் பலம் கூட்டும் கார்டு, இருள் அட்ரிபியூட்டை மட்டும் தேடித்தரும் கார்டு என்று. லெவல் ஐந்து, ஆறுக்கு ஒரு மான்ஸ்டரையும் ஏழுக்கு மேல் இரண்டையும் பலிகொடுக்க வேண்டும் என்பதால் பெரிய மான்ஸ்டர்களைக் குறைவாகப் போடுங்கள். லெவல் நான்கு நிறைய இருந்தால், அவற்றை அடுக்கி இறக்கும் ராங்க் நான்கு எக்ஸீஸ் மான்ஸ்டர்கள் எல்லோருக்கும் எட்டும். எக்ஸீஸ் போல முதன்மை டெக்குக்கு வெளியே தனியாக வைக்கும் எக்ஸ்ட்ரா டெக் கார்டுகளை மற்றவற்றோடு கலக்காமல், கடைசியில் தனியாக ஒரு பேக் சுற்றிவிடுவது நல்லது. கலந்து வைத்தால், டெக்கின் 40ஐ எட்டவே ஆட்கள் திணறுவார்கள்.

கேள்வி: எந்த கார்டை எடுப்பது, எதை வைப்பது என்று எப்படித் தீர்மானிப்பது? ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சண்டை வருகிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் டெக்கையும் விரித்து ஒரு படம் எடுங்கள். டெக்கில் சேராமல் ஒதுங்கிய கார்டுகளையும் சேர்த்து. நான்கு டிராஃப்ட் போனதும் படங்களை அருகருகே வையுங்கள். தன் நிறத்தை ஆடியவரே எடுத்துவிட்டுப் போடாமல் வைத்த கார்டு எதுவோ அதுதான் முதலில் போக வேண்டியது. நிறமே வேறு என்பதால் ஒதுங்கிய கார்டு குற்றமற்றது. வெற்றி தோல்வியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓர் இரவில் ஆளுக்கு மூன்று சுற்று ஆடினால் அதிலிருந்து ஒரு கார்டைப் பற்றி எதுவுமே நிரூபணமாகாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. இறங்கிய கணமே எதிராளிக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகிற கார்டை மறுயோசனையின்றி எடுத்துவிடலாம்.

ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து கார்டு மாற்றினால் போதும். ஐம்பதை மாற்றினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியாது. எடுத்த கார்டின் நிறம், மானா விலை இரண்டுக்கும் ஈடாக வேறொன்றைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கார்டை எடுத்து ஐந்து மானா கார்டைப் போட்டுக்கொண்டே வந்தால், கியூப் தானாகவே கனத்துப்போய் மேலே ஒருவர் கேட்ட ‘வேக டெக் ஜெயிப்பதில்லை’ என்ற நிலைக்கு வந்து நிற்கும்.

கேள்வி: ஸ்லீவ் (கார்டு உறை) போட்டபின் 360 கார்டையும் ஒழுங்காகக் கலைக்க முடியவில்லை. ஒரே பேக்கில் ஆறு பச்சை வருகிறது.

டிராஃப்ட் முடிந்து கார்டுகள் டெக் டெக்காகத் திரும்பி வருவதால் ஒரே நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். 60 வீதம் ஆறு கட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நன்றாகக் கலையுங்கள். பிறகு ஆறு கட்டிலிருந்தும் பத்துப் பத்து எடுத்துப் புதுக் கட்டுகள் ஆறு ஆக்கி மறுபடி கலைத்துவிட்டு, 15 வீதம் எண்ணி எடுங்கள். அதன்பிறகும் எப்போதாவது ஒரு பேக்கில் ஆறு பச்சை வந்தால் அது தற்செயல்தான், விட்டுவிடுங்கள். நிறத்தைச் சமன்செய்து பேக் கட்டினால், எந்த நிறம் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை எண்ணியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்லீவ் பின்புறம் ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். இரண்டு முகமுள்ள கார்டுகள் இருந்தால் இது கட்டாயம். ஒரே தயாரிப்பில் ஒரே சமயத்தில் கூடுதலாக ஐம்பதாவது வாங்கி வையுங்கள். பிறகு வாங்கினால் நிறத்தில் சாயல் மாறி, புதிதாகச் சேர்த்த கார்டு எது என்று பின்பக்கம் பார்த்தே தெரிந்துவிடும். மேஜிக், போகிமான் கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். யூகிஓ 59க்கு 86. அதற்கான ஸ்லீவ் தனி அளவு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சாதாரண லேண்டுகளுக்கும் அதே ஸ்லீவ்தான் போட வேண்டும். ஆக வாங்க வேண்டியது 360 அல்ல, லேண்டுக்கான 200ஐயும் உபரி ஐம்பதையும் சேர்த்து 610.