அப்பம்மா முந்திப் புறப்படவேண்டும்

வணக்கம் சேர்,

கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். சாயம் போடாமல், மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் உயிருள்ள கலங்களைப் படம்பிடிப்பது பற்றி ஒரு விரிவுரை கேட்டேன். துடிப்பை ஏன் ‘வடிவமைக்க’ வேண்டும்? ‘லேபிள் ஃப்ரீ’ என்பதற்குத் தமிழ் என்ன? வன்னியில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன காணப்போகிறோம் என்றும் யோசனையாக இருக்கிறது.

தம்பி,

கடைசி வரியில் கோபம்தான் வந்தது. வவுனியாப் பக்கம், காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயோடு எத்தனை கமக்காரர் இருக்கிறார்கள்! சிறுநீரகத்தில் தழும்பாகப் படியும் கொலாஜன் என்ற புரதம், ஒரு துளி சாயமும் இல்லாமல், 800 நனோமீற்றர் அலைநீள ஒளியை வாங்கி, இரண்டிரண்டு துகள்களாகச் சேர்த்து 400 ஆகத் திருப்பித் தரும். அதை நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? இனி இப்படி எழுதாதேயும்.

தமிழ்ச்சொல்லா, ‘சாயமில்லாமல்’ என்றால் போதும். (கன்னக் கலத்துக்கு மெதிலீன் நீலம் விட்டுப் பார்த்த பிள்ளையொன்று, கலத்தின் நிறம் நீலம் என்று சோதனையில் எழுதியதும் நினைவு வருகிறது.)

சரி, துடிப்பு. இரண்டு போட்டன்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரு மூலக்கூறு சேர்த்து விழுங்கலாம் என்று மரியா கோப்பர்ட் மேயர் கணக்குப் போட்டது 1931இல். நுணுக்குக்காட்டிக்குள் அது வந்தது 1990இல். இரண்டு போட்டன்களும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வரவேண்டும், அதற்காகத்தான் ஒளியை 100 பெம்டோசெக்கன் (செக்கனில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்குதான் ஒரு பெம்டோசெக்கன்) அளவுக்கு இறுக்கிக் கட்டி அனுப்புவது. ஆனால் அந்தக் கட்டுக்குள் பல நிறங்கள். வில்லைக் கண்ணாடிக்குள் சிவப்புப் பக்கம் முந்தும், நீலப் பக்கம் பிந்தும். துடிப்பு இரண்டு மடங்கு நீண்டால், அதே சராசரி வலுவுக்குக் படத்துக்குக் கிடைக்கும் ஒளிச்சைகை பாதிதான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருமுறை வீட்டிலிருந்து எல்லோரும் ஒன்றாகத்தான் நடக்கத் தொடங்கினோம். நந்திக்கடல் கரைக்கு வரும்போது ஆளுக்கொரு பக்கம். பானை முன்னே ஓடிய அண்ணனிடம், அரிசி எங்கேயோ பின்னால் அப்பம்மாவின் கடகத்தில். அடுப்பை மூட்டிவிட்டு வெறும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் குறையவில்லை தம்பி, அரிசியும் குறையவில்லை.

துடிப்பை வடிவமைப்பவர்கள் நெருக்கமாகக் கோடுகள் கீறிய கீற்றுத் தகட்டால் நிறங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தாமதத்தைக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள். கண்ணாடியில் பிந்தப்போகிற நீலம் முன்கூட்டியே புறப்பட்டுவிடும்.

அடுத்த வருடம் அப்பம்மாவை இரண்டு மணித்தியாலம் முந்தி அனுப்பினோம். “எனக்கென்ன காலில்லையோ” என்று ஏசிக்கொண்டுதான் போனா. அண்ணன் பானையை இறக்கிவைக்க, கடகத்தோடு பக்கத்தில் வந்து நின்றா.