சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனாலும் அடக்க முடியவில்லை

அம்மாவுக்குச் சிறுநீர் அவசரம் தீரவில்லை, மூன்றாவது ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை இரண்டு தடவையும் சுத்தம், எரிச்சலும் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அம்மா கழிப்பறைக்கு ஓடுகிறார், இரவில் மூன்று முறை எழுகிறார் என்கிறீர்கள். இது பெரும்பாலும் மிகைச்செயல் சிறுநீர்ப்பைதான். பை நிறையும் முன்பே தசை தானாகச் சுருங்குகிறது.

3 நாள் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: நேரம், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, என்ன குடித்தார், எப்போது கசிந்தது. ஒவ்வொரு முறையும் 100, 150 மில்லிதான் என்றால் சந்தேகம் வலுக்கும். 400 மில்லி வீதம் பலமுறை போனால் கதை வேறு, சர்க்கரையைப் பாருங்கள்.

உந்துதல் வந்ததும் ஓடக் கூடாது. உட்கார்ந்து, காற்றை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை ஐந்தாறு முறை சட்டென இறுக்கி விடட்டும், தணிந்தபின் நடக்கலாம். சிறுநீர் கழிக்கும் இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி, 6 வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். காபி, டீ குறையட்டும். தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், பலரும் செய்யும் தவறு அது. கெட்டியான சிறுநீர் பையை இன்னும் உறுத்தும்.

அதற்கும் அடங்காவிட்டால்தான் மாத்திரை. சோலிஃபெனாசின் என்ற மாத்திரையில் வாய் உலரும், மலம் இறுகும். கண் அழுத்த நோய் இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மிராபெக்ரான் என்ற வேறு மாத்திரை என்றால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் பயிற்சி, மாத்திரை என்று காத்திராமல் உடனே சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) காட்டுங்கள்.