ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது, மூக்கில்?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் எனக்குக் கோவிட் வந்து போனது. ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி நிறைய இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அப்படியும் இப்போது மறுபடி தொண்டை வலி; பரிசோதித்தால் கோவிட். அந்த எதிர்ப்பு சக்தியை நம்பலாமா? வீட்டில் 76 வயது அம்மா இருக்கிறார்.

பதில்: நோய் முற்றி நுரையீரலைத் தாக்காமல் இருப்பதற்கு அதைப் பெருமளவு நம்பலாம். வைரஸ் மூக்கில் நுழையாது, உங்களிடமிருந்து அம்மாவுக்குப் போகாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ரத்தத்தில் அளந்தது பெரும்பாலும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி. அது ரத்தத்திலிருந்து கசிந்து நுரையீரலின் ஆழம் வரை சேரும். மூக்குக்குக் குறைவாகத்தான் வரும். மூக்கிலும் தொண்டையிலும் முக்கியமான காவல் ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி. மூக்கின் உள்சவ்வுக்கு அடியில் இருக்கும் செல்களே அதைச் சுரக்கின்றன. அது சளியோடு கலந்து நின்று, வைரஸ் செல்லில் ஒட்டுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். தொற்றுக்குப் பின் ஏறும் இந்த ஐஜிஏ, சில மாதங்களில் இறங்கத் தொடங்கிவிடும். அந்த இறக்கம் உங்கள் ரிப்போர்ட்டில் தெரியாது.

ஐஜிஏ இறங்கிவிட்டாலும் அந்த வைரஸைப் பற்றிய உடலின் நினைவு அழிந்துவிடுவதில்லை. தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல்கள் சிலவும் சவ்விலேயே தங்கிவிடும். டான்சிலிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டிலும் ஆன்டிபாடியை உண்டாக்கும் நினைவு பி செல்கள் உண்டு. வயது ஏறினால் அடினாய்டு சுருங்கி ஓய்ந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஆனால் 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், பெரியவர்களின் மூக்குக்குப் பின்புறம் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளிலேயே, பி செல்கள் பயிற்சி பெறும் மையங்கள் இயங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கத்தி வைக்காமல் அந்த இடத்தைத் தொடர்ந்து பார்க்க வழி கிடைத்திருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சியான விஷயம்.

சரி, நினைவு இருந்தும் ஏன் மறுபடி வருகிறது? ஒரு காரணம், வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பது. இன்னொன்று நேரம், இதைப் பலரும் யோசிப்பதில்லை. தட்டம்மை வைரஸ் உடலெங்கும் பரவி நோயாக வெளிப்பட ஏறக்குறைய 10 நாள் ஆகும். அதற்குள் நினைவு செல்கள் விழித்து, பெருகி, வேலையை முடித்துவிடும். அதனால்தான் அது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் வராது. சளி, ஃப்ளூ, இப்போதைய கோவிட் எல்லாம் மூக்கிலேயே பெருகி, இரண்டு மூன்று நாளில் அறிகுறி காட்டிவிடுகின்றன. நினைவு செல்கள் முழு வேகம் எடுப்பதற்குள் நீங்கள் தும்மத் தொடங்கியிருப்பீர்கள். ஆனாலும் அவை வீண் இல்லை. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாதாரண சளி தரும் 229இ என்ற கொரோனா வைரஸை, தொற்று வந்துபோன தன்னார்வலர்களின் மூக்கில் ஒரு வருடம் கழித்து மறுபடி விட்டார்கள். பலருக்குத் தொற்று மீண்டும் வந்தது. சளி நோய் வரவில்லை, வைரஸ் வெளியேறிய நாட்களும் குறைவு.

அறிகுறியே இல்லாமலும் அவர்களிடமிருந்து வைரஸ் வெளியேறியது என்பதைக் கவனியுங்கள். லேசான கரகரப்புதானே என்று அம்மா பக்கத்தில் உட்காராதீர்கள். இப்போதே முகக்கவசம் போடுங்கள், தனி அறையில் படுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இனி தொண்டை அரித்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள். அம்மாவுக்கு ஃப்ளூ, கோவிட் ஊசிகள் பாக்கி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். கையில் போடும் ஊசி மூக்கில் ஐஜிஏ-வை அதிகம் உண்டாக்காது. ஆனால் அவருக்கு ஆபத்து நுரையீரலில்தான், அங்கே ஊசி நன்றாகக் காக்கும். மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்பு மருந்து ஒன்று 2003 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ளது. அது அங்கே 2 முதல் 49 வயது வரைதான், அம்மாவுக்குப் பொருந்தாது.

அப்புறம், ஆன்டிபாடி டெஸ்டைத் திரும்ப எடுக்காதீர்கள். எண் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. ஆவி பிடித்தால் மூக்கு இதமாக இருக்கும், அதனால் நினைவு செல்கள் அதிகமாகிவிடாது. அம்மாவுக்குக் காய்ச்சலோ இருமலோ தொடங்கினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கோவிட் மாத்திரைகள் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டியவை. மூச்சு வாங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.