அந்தப் பாட்டிகளுக்குச் சுருதி தெரியும்

வணக்கம் ஐயா. போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் நாட்டுப்பாடல்களைத் தேடிக் கேட்கிறேன். கிராமத்துப் பாட்டிகள் நாலைந்து பேர் சேர்ந்து பாடுவது மனதை உருக்குகிறது. ஆனால் கத்திப் பாடுகிறார்கள், சுருதியும் விலகுகிறது. கணினியில் சரிசெய்து வெளியிட்டால் இளைஞர்களுக்குப் பிடிக்கும் அல்லவா? எப்படியோ எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டது, இனி அழியாது என்று நிம்மதி. 'ஷ்செத்ரிக்' கிறிஸ்துமஸ் பாட்டுத்தானே? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குண்டு விழும் ஒரு நாட்டின் செய்தியோடு நின்றுவிடாமல் அதன் பாட்டைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. நானும் சில காலமாக இந்தப் பதிவுகளோடுதான் இருக்கிறேன். அதனால்தான் அந்தச் சுருதி வரியைப் படித்ததும் கோபம் வந்தது.

ஆறு பெண்கள் ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு, ஒன்றாக விலகுவார்களா? அவர்களுடைய பழைய சடங்குப் பாடல்களில் சில ஸ்வரங்கள் பியானோக் கட்டைகளுக்கு நடுவே விழுபவை. அதைத் திருத்த நாம் யார்? கத்துகிறார்களாம்! வட உக்ரைனின் காட்டுப் பகுதியான பொலீசியாவில் வசந்தத்தை அழைக்கும் வெஸ்னியாங்கா பாட்டு வெட்டவெளியில், மேட்டில் நின்று பாடுவது. அக்கரை ஊருக்குக் கேட்க வேண்டும். அடியின் முடிவில் 'ஹூ' என்று குரலை வீசுவார்கள். பருவம் தப்பிப் பாடச் சொன்னால் பழைய பாடகிகள் தயங்குவார்கள்.

ஷ்செத்ரிக் புத்தாண்டு வாழ்த்துப் பாட்டு. உக்ரைன் இசையமைப்பாளர் லெயோன்தோவிச் அதைச் சேர்ந்திசைக்கு அமைத்து, 1916இல் கீவில் பாடினார்கள். கிறிஸ்துமஸ் எல்லாம் பிறகு அமெரிக்காவில் ஒட்டியது. இளைஞர்களுக்குப் பிடிக்குமா என்ற கவலையை விடுங்கள்.

நிம்மதி என்கிறீர்களே, எதை ஏற்றிவிட்டோம் என்று நிம்மதி? 1908இல் நாட்டுப்பாடல் ஆய்வாளர் பிலாரெத் கொலெஸ்ஸா, ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியும் அதற்கான மெழுகு உருளைகளுமாக நடு உக்ரைனில் உள்ள பொல்தாவாப் பகுதிக்குப் போய், கொப்ஸார்கள் என்ற நாடோடிப் பாணர்கள் பாடும் 'தூமா' என்ற கதைப்பாடல்களைப் பதிவுசெய்தார். செலவை ஏற்றது கவிஞர் லேஸ்யா உக்ராயின்காவும் அவர் கணவர் க்வித்காவும். ஓர் உருளை சில நிமிடங்கள்தான் பிடிக்கும், தூமாவோ நீளமானது. இருந்தாலும் கொப்ஸார் ஒற்றை ஆள், வாசிப்பதும் அவரே. துண்டாகக் கிடைத்தாலும் அவருடைய பாணி தெரிந்துவிடும்.

கூட்டாகப் பாடுவது அப்படியல்ல. பொல்தாவாவில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வார்கள், மேலே ஒருத்தி மட்டும் தனியாக ஏறுவாள். கீழே பாடுகிறவளுக்கு யாரும் அவள் பங்கைத் தனியாகச் சொல்லித்தந்ததில்லை. பக்கத்துக் குரலில் சாய்ந்து, அடிக்கு அடி கொஞ்சம் மாற்றித் தன் வழியைப் போட்டுக்கொள்கிறாள். அவளைத் தனியே உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள், பொது மெட்டைத்தான் பாடுவாள். சரி, எல்லோரையும் நிறுத்தி நடுவில் ஒரே மைக்கை வைத்தால்? மேல்குரல் நன்றாக விழும், கீழே வெறும் இரைச்சல். நாளைக்கு அவள் பேத்தி கற்க உட்கார்ந்தால் எதைக் கேட்டுக் கற்பாள்? அந்தக் கீழ்க்குரல்தானே பாட்டையே தாங்குகிறது! 1986இல் செர்னோபிலுக்குப் பிறகு பொலீசியாவில் ஊர் ஊராகக் காலிசெய்தார்கள். சேர்ந்து பாடியவர்கள் ஆளுக்கொரு திசையில் குடியேறினார்கள். சொல் ஒருத்தியிடம், மேல்குரல் வேறு மாவட்டத்தில். இப்போது போர் அதே வேலையைச் செய்கிறது. ஊர் கலைவதற்கு முன்னால் ஒவ்வொரு குரலையும் பிடித்தாக வேண்டும். நீங்கள் என்னடாவென்றால் சுருதி திருத்தப் பார்க்கிறீர்கள்.

ஹங்கேரி இசைக்கலைஞர் மிக்லோஷ் போத்தின் 'பாலிஃபனி ப்ராஜெக்ட்' இதைப் புரிந்துகொண்டு செய்த வேலை. பாடுகிற ஒவ்வொருவருக்கும் தனி மைக், எல்லோரும் சேர்ந்தே பாடுவார்கள். அதன் இணையதளத்தில் குரல்களைத் தனித்தனியாகவும் கேட்கலாம். அங்கேயே தொடங்குங்கள். பொல்தாவாப் பாட்டு ஒன்றை எடுத்து, மேல்குரலை அணைத்துவிட்டு, கீழே பாடும் ஒருத்தியை மட்டும் கடைசி அடிவரை கேளுங்கள். அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள்.