கைவேலை கேள்வி - பதில்: வட்டம் ஏன் கிண்ணமாகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் நேரலை வகுப்புகளைப் பற்றியவை. இந்தத் திரையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் நான். முதலில் மாணவியாக, அப்புறம் ஆசிரியையாக. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்றரை மணி நேர வெபினார் ஒன்றில் குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை) கோஸ்டர் (டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டம்) போடக் கற்றுக்கொண்டேன். அடிப்படைத் தையல்களை முன்பே வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன். "டபுள் குரோஷே போடுங்கள், முதல் சுற்றில் ஆறு, அடுத்ததில் பன்னிரண்டு" என்று ஆசிரியை சொன்னபடிதான் செய்தேன். அவருக்குத் தட்டையாக வந்தது, எனக்கு ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிட்டது. மூன்று முறை பிரித்துப் போட்டும் அதே கதை. படம் இணைத்திருக்கிறேன். என் கை சரியில்லையா?

பதில்: உங்கள் கை நன்றாகவே இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். 6, 12, 18, 24. ஒன்றுகூடத் தவறவில்லை. நூல் இழுப்பும் சீராக இருக்கிறது. தவறு ஒரு சொல்லில் இருக்கிறது.

குரோஷேயில் ஒரே பெயருக்கு இரண்டு தையல்கள் உண்டு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் குட்டைத் தையலைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டிஷாருக்கு டிரெபிள். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயரில் தையலே கிடையாது. உங்கள் ஆசிரியை பிரிட்டிஷ் முறையில் பேசியிருக்கிறார். நீங்கள் பழகிய வீடியோ அமெரிக்க முறையாக இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் உங்கள் படத்தில் இருப்பது அமெரிக்க டபுள், அதாவது உயரமான தையல்.

அதனால் ஏன் கிண்ணம் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். குட்டைத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. வட்டத்தின் ஆரம் ஒரு தையல் உயரம் கூடினால் சுற்றளவு அந்த உயரத்தைப்போல் 2π மடங்கு, அதாவது ஆறேகால் தையல் அகலம் கூட வேண்டும். அதனால்தான் சுற்றுக்கு ஆறு கூட்டுகிறோம். உயரத் தையல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம். அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நீங்கள் ஆறுதான் கூட்டினீர்கள். சுற்றளவு போதாமல் ஓரம் மேலே எழும்பிவிட்டது. இதையே மாற்றிச் செய்தால், குட்டைத் தையலில் பன்னிரண்டு கூட்டினால், ஓரம் கொசுவம்போல் சுருங்கி அலையடிக்கும்.

இனிமேல் பெயரைக் கேட்கும்போதே ஊசியையும் பாருங்கள். ஆசிரியை ஊசியை நேராகத் தையலுக்குள் நுழைத்து நூலை இழுத்து, ஊசியில் நிற்கும் இரண்டு கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடித்தால் அது குட்டைத் தையல். நுழைப்பதற்கு முன்பே ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு, மூன்று கண்ணிகளை இரண்டு இரண்டாக முடித்தால் அது உயரத் தையல். பேச்சிலும் தடயம் கிடைக்கும். ஒரு தையலை விடச் சொல்லும்போது "ஸ்கிப்" என்றால் பெரும்பாலும் அமெரிக்க முறை, "மிஸ்" என்றால் பிரிட்டிஷ் முறை. நூலின் இறுக்கக் கணக்கை அமெரிக்க முறையில் "கேஜ்" என்பார்கள், பிரிட்டிஷ் முறையில் "டென்ஷன்" என்பார்கள்.

இரண்டாவது சுற்றிலேயே ஆசிரியை உங்கள் கையைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பார். அவர் பார்க்கவில்லை, வெபினாரில் பார்க்க வழியும் இல்லை. என் வருத்தம் அதில்தான். அடுத்த கேள்விக்கும் அதுதான் பதில்.

கேள்வி: வகுப்பின் வீடியோ பதிவு எப்படியும் கிடைக்கிறது. நேரலையில் உட்காருவதால் என்ன லாபம்?

பதில்: ஆசிரியர் உங்கள் கையைப் பார்ப்பார் என்றால் பெரிய லாபம். பார்க்க மாட்டார் என்றால் பதிவையே பாருங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எம்பிராய்டரியில் பிரெஞ்ச் நாட் (துணிமேல் புடைத்து நிற்கும் சின்ன முடிச்சு) எனக்கு வெகுநாள் வரவில்லை. ஊசியில் நூலைச் சுற்றி உள்ளே விட்டால், பாதி முடிச்சுகள் துணிக்குப் பின்னால் போய்விடும். மீதி தளர்ந்து வளையமாக நிற்கும். எத்தனையோ வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் கேமரா ஊசியைத்தான் காட்டியது. பிறகு எட்டுப் பேர் மட்டுமே இருந்த ஒரு நேரலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை என்னைக் கேமராவைத் துணி மாட்டிய வளையத்துக்கு நேராக வைக்கச் சொன்னார். ஒரே ஒரு முடிச்சு போட்டேன். "ஊசி சரி, இடது கையைப் பாருங்கள், நூலை விட்டுவிட்டீர்கள்" என்றார். ஊசி துணிக்குள் இறங்கும்வரை இடது கை நூலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். நான் ஊசி நுழைந்ததுமே விட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொன்னார். வந்த துளையிலேயே திரும்ப இறங்காமல் ஓரிரு இழை தள்ளி இறங்க வேண்டும். அன்று மாலையே இருபது முடிச்சு போட்டேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. எந்தப் பதிவும் என் இடது கையைப் பார்த்திருக்காது.

ஆகவே பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இது மீட்டிங்கா, வெபினாரா? ஜூம் போன்ற செயலிகளில் இரண்டும் வேறு. மீட்டிங்கில் எல்லோரும் கேமராவையும் மைக்கையும் போடலாம். வெபினாரில் பார்வையாளர்களின் முகமோ கையோ தெரியாது. கேள்வியைப் பெட்டியில் எழுதலாம், நடத்துபவர் அனுமதித்தால் பேசலாம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரு செய்முறையைக் காட்ட வெபினார் நல்ல ஏற்பாடு. முதன்முதலாக ஊசி பிடிப்பவருக்குச் சின்ன மீட்டிங்தான் என் சிபாரிசு. வெபினார்தான் கிடைக்கிறது என்றால், செய்த வேலையின் படத்தை அனுப்ப வழி உண்டா, அதை ஆசிரியர் பார்த்துச் சொல்வாரா என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகள் இடது கைக்காரி. திரையில் எல்லோரும் வலது கையால் செய்கிறார்கள். குழம்பிப்போகிறாள்.

பதில்: குழந்தையை வலது கைக்கு மாற்றச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. குரோஷேயில் வலது கைக்காரர் வலமிருந்து இடமாகப் போவார், அவள் இடமிருந்து வலமாகப் போவாள். அவ்வளவுதான். திரைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் ஆசிரியரின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே இடது கையாகத் தெரியும். பதிவு கிடைத்தால் விஎல்சி பிளேயரில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். குறுக்குத் தையலுக்கு (கிராஸ் ஸ்டிச்) இதெல்லாம் தேவையில்லை. வரைபடம் வலது, இடது கைக்காரர் இருவருக்கும் ஒன்றுதான், மேலே வரும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும்.

இன்னொரு குழப்பமும் வரும். ஜூமில் நம் படம் நமக்கு மட்டும் கண்ணாடிபோல் திரும்பித் தெரியும், மற்றவர்களுக்கு நேராகவே தெரியும். வேலையைக் காட்டும்போது அவள் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: வகுப்பு "காலை 10, ஈஎஸ்டி" என்று போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டுச் சரியாக நுழைந்தால் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.

பதில்: ஈஎஸ்டி என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம். உங்களுடையது மார்ச் முதல் நவம்பர் வரை நடந்த வகுப்பாக இருக்கும். அந்த மாதங்களில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகிறார்கள். அப்போது அது ஈடிடி, அதாவது கோடைகால நேரம், ஆனால் பலர் பழக்கத்தில் ஈஎஸ்டி என்றே எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டு, "நியூயார்க்கில் அந்தத் தேதியில் 10 மணி" என்று தேடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆசிரியர் போகும் வேகத்துக்கு என் கை போவதில்லை. பாதியில் விட்டுவிடுகிறேன்.

பதில்: விட்டுவிடாதீர்கள். பின்தங்குவது எல்லோருக்கும் நடக்கிறது, ஆசிரியருக்கும் அது தெரியும். வகுப்பு நேரத்தை ஊசியில் நூல் கோக்கவும் நூல்கண்டின் முனையைத் தேடவும் செலவழிக்காதீர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் வெட்டி, கோத்து வையுங்கள். எம்பிராய்டரி என்றால் ஆறு இழை நூலில் எத்தனை இழை வேண்டும் என்று முன்பே கேட்டுப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணி, கறுப்பு நூல் வேண்டாம். உங்கள் கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. வலது கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தையல்மேல் விழாது.

கேள்வி கேட்கும்போது எண்ணோடு கேளுங்கள். "சரியா வரல" என்று எழுதினால் ஆசிரியர் எதைத் திருத்துவார்? "மூன்றாவது சுற்று, 18 வர வேண்டும், எனக்கு 17" என்று எழுதுங்கள். சுற்று தொடங்கும் இடத்தில் முதல் தையலைத் தாண்டிவிட்டீர்கள் என்று உடனே சொல்லிவிடுவார்.

அப்படியும் பின்தங்கினால் அவசரப்பட்டு அடுத்த சுற்றுக்குத் தாவ வேண்டாம். ஊசியில் இருக்கும் கண்ணியில் ஒரு சேப்டி பின் மாட்டி, வேலையை மடியில் வைத்துவிட்டு மீதியைக் கண்ணால் பாருங்கள். கண்ணி பிரியாது. வகுப்பு முடிந்ததும் பின்னைக் கழற்றி, அதே இடத்திலிருந்து தொடரலாம்.