மறுமொழி: டெபியன் 12-இல் புது வைஃபை அட்டை வேலை செய்யவில்லை

வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 11-இலிருந்து 12-க்கு ஏற்றிய மடிக்கணினியில் இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டை பொருத்தியிருக்கிறீர்கள். அட்டை பட்டியலில் தெரிகிறது, வைஃபை மட்டும் இல்லை என்கிறீர்கள். உங்கள் அட்டை பழுதில்லை, கவலை வேண்டாம். நீங்கள் ஒட்டிய கணினிப் பதிவில் (லாக்) ஒவ்வொரு வரி முடிவிலும் இருக்கும் -2-ஐப் பாருங்கள். 'கோப்பு கிடைக்கவில்லை' என்பதுதான் அதன் பொருள். கோப்புப் பெயரில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்து டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) தேடிப் பார்த்திருக்கிறது, ஒன்றுகூட இல்லை.

டிரைவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு வரும், அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் வராது. டிரைவர் தேடிய கோப்பு அதுதான். 2017-இல் வந்த 4.14 பதிப்பிலேயே கெர்னல் மூலத்திலிருந்து ஃபர்ம்வேர் கோப்புறையை நீக்கிவிட்டார்கள். டெபியனில் அது தனிப் பொதி, அதாவது தனியாக நிறுவ வேண்டிய தொகுப்பு. முன்பு நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாதவை) பிரிவில் இருந்தது, 12-இல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதுப் பிரிவுக்குப் போய்விட்டது. பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பை, புதுப் பிரிவைச் சேர்க்காமல், அப்படியே வைத்து ஏற்றியவர்கள் பலருக்கும் இடறுவது இந்த இடத்தில்தான்.

சரி, கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைபேசி இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள், இணையம் வந்துவிடும். சோர்சஸ் லிஸ்ட்டில் 'மெயின்' என்று முடியும் வரிகளில் அந்தப் புதுப் பிரிவையும் சேருங்கள். பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்து, ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பொதியை நிறுவி, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

நண்பரின் கணினியிலிருந்து ஒரு ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் நகலெடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த அட்டைக்கு பிஎன்விஎம் என்று முடியும் இன்னொரு கோப்பும் தேவை. பொதியில் இரண்டும் இருக்கும், புளூடூத்துக்கானதும் அதிலேயே வரும். அப்புறமும் -2 வந்தால் புதிய பதிவை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.